காசில்லா ஃபயர்வால்: சிறிய நிலையத்துக்கு எது பொருந்தும்?

சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு கடைவீட்டின் மாடியில் நடக்கிறது அந்தத் தமிழ்த் துணைப்பாட நிலையம். அதை நடத்தும் அக்கா சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டார். "தம்பி, பிள்ளைங்க டேப்லட்ல என்னென்னமோ விளம்பரம் வருது. ஒருத்தர் வந்து பார்த்துட்டு விலை போட்டுக் கொடுத்திருக்காரு. சரியான்னு சொல்லுங்க" என்றார். தாளைப் பார்த்தேன். ஒரு ஃபயர்வால் பெட்டி, அதோடு வலை வடிகட்டலுக்கு மூன்று ஆண்டுச் சந்தா. நான்கு இலக்கத் தொகை. நிலையத்தில் இருந்ததோ பன்னிரண்டு டேப்லட், ஆசிரியர்களின் நான்கு மடிக்கணினி, ஓர் அச்சு இயந்திரம், வாசலில் ஒரு கேமரா.

அந்தத் தாளில் இருந்த வேலைகளில் பெரும்பாலானவற்றைக் கட்டற்ற திறந்த மூல மென்பொருளாலேயே செய்துவிடலாம். ஆனால் எதைப் போடுவது என்று தேடினால் பத்துப் பெயர் வரும், ஒவ்வொன்றுக்கும் ஆதரவாளர்கள் இருப்பார்கள். பணம் கையைக் கடிக்கும் துணைப்பாட நிலையம், கோயில் அலுவலகம், சங்கம், பத்துப் பேர் வேலை செய்யும் கடை ஆகியவற்றை மனத்தில் வைத்து, நான் போட்டுப் பார்த்தவற்றை இங்கே ஒப்பிடுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஃபயர்வால் வேறு, வலை வடிகட்டல் வேறு. யார் உள்ளே வரலாம், எந்தக் கருவி எதோடு பேசலாம் என்று பார்ப்பது ஃபயர்வால். உள்ளே இருப்பவர் எந்தத் தளத்துக்குப் போகலாம் என்று பார்ப்பது வடிகட்டல். விற்பவர்கள் இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து விற்பதால் நமக்கும் ஒன்றாகவே தெரிகிறது. அக்கா கேட்டது வடிகட்டல். ஆனால் அவருடைய நிலையத்துக்கு அவசரமாகத் தேவைப்பட்டது ஃபயர்வால். அது ஏன் என்று அந்தக் கேமராவுக்கு வரும்போது சொல்கிறேன்.

வடிகட்டலில் செலவே இல்லாத வழி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் மற்றதைப் பேசுவது நியாயமில்லை. இணையச் சேவை நிறுவனம் கொடுத்த ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) முகவரியை 1.1.1.3 என்று மாற்றிவிட்டால் போதும். கிளவுட்ஃபிளேர் 2020 ஏப்ரலில் தொடங்கிய குடும்பச் சேவை இது. தீங்கு செய்யும் தளங்களும் ஆபாசத் தளங்களும் திறக்காது. ஆபாசத்தைப் பற்றிக் கவலையில்லை, தீங்கு நிரல் மட்டும் தடுத்தால் போதும் என்றால் 1.1.1.2, அல்லது குவாட்9 நடத்தும் 9.9.9.9. ஐந்து நிமிட வேலை. நான்கு பேர் இருக்கும் அலுவலகத்துக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். குறை என்னவென்றால், எது தடுக்கப்பட்டது என்று பார்க்க முடியாது, ஒரு தளத்தை மட்டும் விடுவிக்க முடியாது, ஆசிரியருக்கு ஒன்று மாணவருக்கு ஒன்று என்று பிரிக்கவும் முடியாது. தன் கருவியில் டிஎன்எஸ்ஸைக் கூகளின் 8.8.8.8 என்று மாற்றத் தெரிந்த உயர்நிலை ஒன்று மாணவன் ஒருவன் போதும், எல்லாம் வீண்.

அடுத்த படி, டிஎன்எஸ் வடிகட்டியை நாமே நடத்துவது. இங்கே இரண்டு பெயர்கள்: பை-ஹோல், அட்கார்ட் ஹோம். இரண்டும் ஒரே அடிப்படையில் இயங்குபவை. கருவி ஒரு தளத்தின் பெயரைக் கேட்கும்போது, அந்தப் பெயர் தடைப்பட்டியலில் இருந்தால் உண்மையான முகவரியைத் தராது. அவ்வளவுதான். ராஸ்பெரி பை போன்ற சின்னக் கணினிப் பலகையிலேயே ஓடும். பை-ஹோல் மூத்தது, நிலையானது, பதிவேடு பார்க்கக் கண்ணுக்கு நன்றாக இருக்கும். 2020இல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து கருவிகளைக் குழுவாகப் பிரிக்கவும் முடிகிறது. ஆனாலும் துணைப்பாட நிலையத்துக்கு நான் எடுத்தது அட்கார்ட் ஹோமைத்தான். மாணவர் டேப்லட்களில் டிக்டாக்கை மட்டும் நிறுத்த வேண்டுமா? பட்டியல் தேட வேண்டியதில்லை, சேவைகளின் பெயர் வரிசையாக இருக்கும், ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். கூகள் தேடலைப் பாதுகாப்பு முறையில் பூட்டுவதும் யூடியூபைக் கட்டுப்படுத்தப்பட்ட முறைக்குத் தள்ளுவதும் அப்படியே, கருவி வாரியாக. அக்காவுக்கு ஆங்கில மெனுக்கள் அவ்வளவு பிடிக்காது. அவரே ஒரு வாரத்தில் பழகிக்கொண்டார். எனக்கு அது பெரிய சான்று.

யூடியூப் பற்றி இடையில் ஒரு வார்த்தை. கட்டுப்படுத்தப்பட்ட முறையில் காணொளிகளின் கீழ் கருத்துகள் வராது. சில நல்ல தமிழ்ப் பாடக் காணொளிகளும் காணாமல் போகும். ஆசிரியர்களின் மடிக்கணினிகளை அந்தப் பூட்டிலிருந்து விலக்கி வைத்துவிடுங்கள். இல்லையென்றால் முதல் வகுப்பிலேயே உங்கள் கைப்பேசி அடிக்கும்.

இப்போது பெரிய கேள்விக்கு வருவோம். முழு ஃபயர்வாலாக எதைப் போடுவது? பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ், ஐபிஃபயர், ஓபன்டபிள்யூஆர்டி. சிறு நிலையத்துக்குத் தேர்வு இந்த நான்குக்குள் முடிந்துவிடும்.

பிஎஃப்சென்ஸும் ஓபிஎன்சென்ஸும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. மோனோவால் என்ற சிறிய ஃபயர்வாலிலிருந்து 2004இல் பிரிந்தது பிஎஃப்சென்ஸ். அதிலிருந்து 2015 ஜனவரியில் பிரிந்தது ஓபிஎன்சென்ஸ், நெதர்லாந்தின் டெசிசோ நிறுவனத்தின் முயற்சியில். அடுத்த மாதமே மோனோவாலை எழுதிய மானுவல் காஸ்பர் தன் திட்டத்தை முடித்துக்கொண்டு, பயனர்களை ஓபிஎன்சென்ஸைப் பார்க்கச் சொன்னார். இரண்டுமே ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் மேல் ஓடுகின்றன. விதி எழுதுவது, விலான் (ஒரே கம்பியில் தனித்தனிப் பிணையங்கள்) பிரிப்பது, விபிஎன் (வெளியிலிருந்து உள்ளே வரப் பூட்டிய வழி) போடுவது என்று அன்றாட வேலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்றைக் கற்றவருக்கு மற்றது இரண்டு நாளில் கைவரும்.

பிறகு எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? நான் பார்ப்பது, இலவசம் என்பது எவ்வளவு நாள் இலவசமாக இருக்கும் என்பதைத்தான். பிஎஃப்சென்ஸை நடத்தும் நெட்கேட் நிறுவனம் தன் உழைப்பைப் பிளஸ் என்ற வணிகப் பதிப்பு, சமூகப் பதிப்பு என்று இரண்டாகப் பிரித்தது. வீட்டுக்கும் சோதனைக்கும் பிளஸ்ஸை இலவசமாகக் கொடுத்து வந்தது. 2023 அக்டோபரில் அதை நிறுத்திவிட்டது. சமூகப் பதிப்பு இன்னும் திறந்த மூலம்தான், நல்ல மென்பொருள்தான். ஆனால் அதன் புதிய பதிப்புகள் வர நாளாகிறது. ஓபிஎன்சென்ஸோ ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும், நாள்காட்டி பார்த்து வருகிறது. பதிப்பு எண்ணே ஆண்டும் மாதமும்தான். 24.7 என்றால் 2024 ஜூலை. நடுவில் சிறு திருத்தங்கள் அடிக்கடி வரும். வருடத்துக்கு நாலு தடவை மட்டும் எட்டிப் பார்க்கும் என்னைப் போன்ற தொண்டூழியருக்கு, எப்போது என்ன வரும் என்று தெரிவதே பெரிய உதவி.

பிஎஃப்சென்ஸ் பக்கமும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பிஎஃப்பிளாக்கர்என்ஜி என்ற செருகுநிரல் அதன் பெரிய பலம். நாடு வாரியாக, பட்டியல் வாரியாக முகவரிகளைத் தடுப்பதில் அதற்கு ஈடு ஓபிஎன்சென்ஸில் ஒரே இடத்தில் கிடையாது. ஏற்கெனவே பிஎஃப்சென்ஸ் தெரிந்த ஒருவர் உங்கள் சங்கத்தில் இருந்தால், அதையே போடுங்கள். தெரிந்த கை கவனிக்கும் சுமாரான தேர்வு, தெரியாத கையில் விடப்பட்ட நல்ல தேர்வைவிட மேல்.

ஐபிஃபயர் லினக்ஸ் மேல் நிற்பது. அதன் வண்ண முறை எனக்கு மிகவும் பிடிக்கும். சிவப்பு என்றால் வெளி இணையம், பச்சை உள் பிணையம், நீலம் வைஃபை, ஆரஞ்சு வெளியாருக்குத் திறந்த சேவையகங்கள். கணினி தெரியாத நிர்வாகக் குழுவுக்கு முன்னால் ஒரு வெள்ளைப் பலகையில் நான்கு நிறத்தில் வரைந்து காட்டினால் ஃபயர்வால் என்றால் என்ன என்று பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். ஓபிஎன்சென்ஸ் போடும்போதும் நான் அந்தப் படத்தைத்தான் வரைகிறேன். ஆனால் பிரிவுகள் அந்த நான்கோடு நிற்கின்றன. ஆசிரியர், மாணவர், கேமரா, விருந்தினர் என்று பிரிக்க ஆரம்பித்தால் இடம் போதாது.

ஓபன்டபிள்யூஆர்டி, பழைய ரௌட்டருக்குள்ளேயே ஏற்றக்கூடியது. தனிப் பெட்டி வாங்கக் காசில்லை, கையில் பொருந்தும் ரௌட்டர் இருக்கிறது என்றால் அருமை. வேகமான இணைப்பில் பழைய ரௌட்டர் மூச்சு வாங்கும் என்பதை மட்டும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி நிறையப் பேர் சிக்கிக்கொள்ளும் இடம். இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகளில் பாதிக்கு மேல், வலை வடிகட்டல் என்றவுடன் ஸ்க்விட் ப்ராக்சியை (நம் கருவிக்கும் தளத்துக்கும் நடுவில் நிற்கும் இடையாள் மென்பொருள்) போடு, ஸ்க்விட்கார்டைச் சேர், துலூஸ் பல்கலைக்கழகத்தின் தடைப்பட்டியலை இறக்கு என்று தொடங்கும். ஒரு காலத்தில் அது சரியான வழி. தளங்கள் பூட்டில்லாத எச்டிடிபியில் இருந்தபோது, ப்ராக்சியால் ஒவ்வொரு பக்கத்தின் முகவரியையும் படிக்க முடிந்தது. இன்று ஏறக்குறைய எல்லாமே எச்டிடிபிஎஸ். உறை ஒட்டிய கடிதம் மாதிரி. வெளியே எழுதிய தளத்தின் பெயர் தெரியும், உள்ளே எந்தப் பக்கம், என்ன தேடினார் என்பது தெரியாது.

உள்ளே பார்க்க வேண்டுமென்றால் ப்ராக்சி நடுவில் உட்கார்ந்து உறையைக் கிழித்து, படித்து, வேறு உறையில் போட்டு ஒட்டி அனுப்ப வேண்டும். அதற்காக ஒவ்வொரு கருவியிலும் நம்முடைய சான்றிதழை நிறுவ வேண்டும். நிலையத்தின் பன்னிரண்டு டேப்லட்டில் அதைச் செய்துவிடலாம். பிள்ளைகள் தாங்களே கொண்டுவரும் கைப்பேசியில்? ஆசிரியர் தன் வங்கிச் செயலியைத் திறக்கும் மடிக்கணினியில்? வங்கிச் செயலிகள் பல அந்தச் சான்றிதழை ஏற்காமல் நின்றுவிடும். ஏற்றுக்கொண்டால் அது இன்னும் மோசம். ஊழியரின் கடவுச்சொல் நம் பெட்டி வழியாகத் திறந்தபடி போகும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நம் கையில் இருக்கும் தகவலைக் காக்கும் பொறுப்பை நம்மிடமே தருகிறது. 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தகவல் கசிந்தால், அது தெரிவிக்க வேண்டிய கசிவு என்று முடிவு செய்ததிலிருந்து மூன்று நாள்களுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் சொல்ல வேண்டும். பெற்றோர், பிள்ளைகள் பெயர்களைச் சேர்த்து எண்ணினால் ஒரு சிறிய நிலையமே 500ஐத் தாண்டிவிடும். தேவையில்லாத தகவலை எதற்குக் கையில் எடுக்க வேண்டும்?

போதாக்குறைக்கு ஸ்க்விட்டில் திருத்தப்படாத பாதுகாப்பு ஓட்டைகள் பல இருப்பது 2023இல் வெளியே வந்து, பிஎஃப்சென்ஸ் அந்தச் செருகுநிரலைக் கைவிடப்போவதாக அறிவித்தது. ஓபிஎன்சென்ஸ் அதைத் தன் மையத்திலிருந்து எடுத்துத் தனிச் செருகுநிரலாக்கிவிட்டது. பாதுகாப்புக்காக வைக்கும் பெட்டியில் இன்னொரு ஓட்டையை நாமே வைப்பதா? ஆகவே சிறு நிலையங்களுக்கு ஸ்க்விட் வேண்டாம் என்றே சொல்கிறேன். இதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை.

ஓபிஎன்சென்ஸில் ஏற்றிக்கொள்ளக்கூடிய சென்ஆர்மர் என்ற ஒன்றும் இருக்கிறது. உறையைக் கிழிக்காமலே, வெளியே தெரியும் பெயரை வைத்து வகை வாரியாகத் தடுக்கும். அறிக்கைகள் அழகாக இருக்கும். அதன் இலவசப் பதிப்பு கையைக் கட்டித்தான் தரப்படுகிறது, இயந்திரமும் திறந்த மூலமல்ல. வகை வாரித் தடை கட்டாயம் தேவை, கொஞ்சம் பணம் கொடுக்கவும் முடியும் என்ற நிலையில் பார்க்கலாம். எனக்கு டிஎன்எஸ் வடிகட்டலே போதுமானதாக இருக்கிறது.

ஆனால் டிஎன்எஸ் வடிகட்டலுக்குப் பின்னால் ஃபயர்வால் இல்லாவிட்டால் அது காகிதக் கதவு. முன்பு சொன்ன அந்த மாணவன் 8.8.8.8 என்று மாற்றுவான் அல்லவா? ஓபிஎன்சென்ஸில் ஒரு திருப்பு விதி எழுதினேன்: மாணவர் பிணையத்திலிருந்து 53ஆம் போர்ட்டுக்கு (டிஎன்எஸ் கேள்விகள் போகும் எண்ணிட்ட வாசல்) எங்கே போனாலும், அது நம் அட்கார்டுக்கே வந்து சேரும். அவன் மாற்றியது மாற்றியபடியே இருக்கும், பதில் மட்டும் நம்மிடமிருந்து போகும். அடுத்து 853ஆம் போர்ட்டை அடைத்தேன், பூட்டிய டிஎன்எஸ் அந்த வழியில் போகிறது. கடினமானது மூன்றாவது. உலாவியே எச்டிடிபிஎஸ்ஸுக்குள் டிஎன்எஸ்ஸை ஒளித்து அனுப்பும் முறை. பிணையத்தில் வடிகட்டி இருக்கிறது என்பதற்கான அடையாளப் பெயர் ஒன்றை ஃபயர்ஃபாக்ஸ் கேட்டுப் பார்க்கும், மறுத்துப் பதில் சொன்னால், பயனர் தானாக அதை இயக்காதவரை, ஒதுங்கிக்கொள்ளும். மற்றவற்றுக்குத் தெரிந்த சேவையகங்களின் பட்டியலைத் தடுக்க வேண்டும். விபிஎன் செயலி போட்டுக்கொண்டு வரும் பிள்ளையை இது எதுவும் முழுதாக நிறுத்தாது. அதை அக்காவிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். அவர் வகுப்பில் பிள்ளைகளிடம் பேசிக்கொள்கிறேன் என்றார்.

இப்போது கேமரா. நிறுவியவர், அக்கா வீட்டிலிருந்து பார்க்க வசதியாக ரௌட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்துவிட்டுப் போயிருந்தார். கடவுச்சொல் பெட்டியோடு வந்ததே. வகுப்பறை வாசலும் உள்ளே நுழையும் பிள்ளைகளின் முகங்களும் உலகத்துக்கே திறந்து கிடந்தன. அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சில்லிட்டது. இப்படிப்பட்ட கேமராக்களைப் படையாகத் திரட்டித்தான் 2016இல் மிராய் என்ற தீங்கு நிரலின் தாக்குதல்கள் நடந்தன. அதே ஆண்டு அக்டோபர் 22, 24 தேதிகளில் இங்கே ஸ்டார்ஹப் நிறுவனத்தின் இணையச் சேவை தடுமாறியதும் பலருக்கு நினைவிருக்கும். வாடிக்கையாளர்களின் தொற்றுக்குள்ளான கருவிகளிலிருந்து டிஎன்எஸ் சேவையகங்கள் மீது வந்த தாக்குதல் என்று நிறுவனமே விளக்கியது. அன்று மாலையே அந்தப் போர்ட்டை மூடினேன், கடவுச்சொல்லை மாற்றினேன். பிறகு கேமராவைத் தனி விலானில் போட்டு, அது வெளியே எதோடும் பேசக்கூடாது என்று ஒரே வரியில் விதி வைத்தேன். அக்கா பார்க்க வேண்டுமென்றால் வயர்கார்டு விபிஎன் வழியாக வருகிறார். கைப்பேசியில் ஒரு தட்டுத்தான். எந்த டிஎன்எஸ் வடிகட்டியாலும் இதைச் செய்திருக்க முடியாது.

பெட்டி விஷயம். ரோச்சோரில் சிம் லிம் ஸ்குவேரில் ஏறி இறங்கினால், மின்விசிறி இல்லாத, நான்கு லேன் துளையுள்ள, இன்டெல் என்100 சில்லு போட்ட மினி கணினி கிடைக்கும். இல்லையென்றால் இணையத்தில் வாங்கலாம். லேன் சில்லும் இன்டெல்லா என்று கேட்டு வாங்குங்கள். ஃப்ரீபிஎஸ்டியில் ரியல்டெக் சில்லுகள் சில நேரம் தொல்லை தரும். ஓபிஎன்சென்ஸ் பரிந்துரைக்கும் அளவு 8 ஜிபி நினைவகம், 120 ஜிபி எஸ்எஸ்டி. பெட்டி சுமார் 15 வாட் இழுத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 131 யூனிட். யூனிட் 30 காசு என்று வைத்தால் 40 வெள்ளிக்குள். பழைய அலுவலகக் கணினியை எடுத்துப் போட்டால் பெட்டிக் காசு மிச்சம், ஆனால் மின்கட்டணம் அந்த மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் கம்பியை இதில் செருகினால் பெரும்பாலும் முகவரி தானாகவே வந்துவிடும். சில இணைப்புகளில் மட்டும் விலான் 10 என்று குறிக்க வேண்டியிருக்கும். விலான் பிரிக்க நிர்வகிக்கக்கூடிய சுவிட்சும், பல பெயரில் வைஃபை தரும் ஆக்சஸ் பாயின்ட்டும் தேவை. விலைத் தாள் ஒப்பிடும்போது பலர் மறப்பது இந்த இரண்டையும்தான்.

சந்தா கட்டி வாங்குவது எப்போதும் தவறு என்று நான் சொல்லவில்லை. நள்ளிரவில் கூப்பிட ஓர் எண் வேண்டும், தணிக்கைக்கு வருபவரிடம் ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும் என்றால் அந்தப் பணம் அதற்குத்தான். சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2022இல் கொண்டுவந்த சைபர் எசென்ஷியல்ஸ் என்ற அடிப்படைப் பாதுகாப்புச் சான்றைப் பெற விரும்பும் அமைப்புகளும் உண்டு. அங்கே ஃபயர்வால் இருப்பதோடு அதைக் கவனிப்பதும் கேட்கப்படும். திறந்த மூலத்திலும் அது முடியும், ஆனால் கவனிக்கும் ஆளின் பெயரைத் தாளில் எழுத வேண்டும்.

ஆக, அக்காவின் நிலையத்தில் இன்று ஓடுவது ஓபிஎன்சென்ஸ், பக்கத்தில் ஒரு ராஸ்பெரி பையில் அட்கார்ட் ஹோம். நாலு விலான். ஒரு குடும்பம் தங்கும் அளவு சிறிய அலுவலகமென்றால் ரௌட்டரில் 1.1.1.3 மட்டும். பிஎஃப்சென்ஸ் தெரிந்த ஆள் இருந்தால் பிஎஃப்சென்ஸ்.

முதல் மாதத்தில் ஒரே ஒரு புகார் வந்தது. பெற்றோருக்கு அனுப்பும் மின்மடலில் உள்ள இணைப்பைத் தட்டினால் ஆசிரியர்களுக்குப் பக்கம் திறக்கவில்லை. மடல் அனுப்பும் சேவை, யார் தட்டினார் என்று எண்ணுவதற்காக எல்லா இணைப்பையும் தன் பெயர் வழியாகச் சுற்றி அனுப்புகிறது. அந்தப் பெயர் விளம்பரத் தடைப்பட்டியலில் இருந்தது. பதிவேட்டைத் திறந்து, சிவப்பில் கிடந்த வரியைக் காட்டி, எப்படி விடுவிப்பது என்று அக்காவுக்கே செய்து காட்டினேன். அமைப்புக் கோப்பின் ஒரு நகல் அவருடைய மேசை இழுப்பறையில் தம்ப்டிரைவில் இருக்கிறது. கடவுச்சொல் இருப்பது ஒட்டி மூடிய ஓர் உறையில், நிர்வாகக் குழுவில் இன்னொருவரிடம். நான் ஊருக்குப் போயிருக்கும்போது பெட்டி செத்துப்போனால், இன்னொரு பெட்டி வாங்கி அந்தக் கோப்பை ஏற்ற வேண்டியதுதான். சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு பழைய கணினியில் அதைச் செய்து பார்த்தோம். அக்காதான் செய்தார், நான் பக்கத்தில் நின்றேன். நாற்பது நிமிடம் ஆனது.